வெட்டிய மணித்தியாலம் எங்கே போகிறது?

லண்டன் நகரசபைகளில் உறுப்பினர்களாக இருக்கும் தமிழர்களுக்கு,



2022 தேர்தலுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை உங்களில் இருவர் என் வீட்டு மணியை அடித்தீர்கள். நான் கதவடிக்கு வந்து சேர்வதற்குள் கேற்றடிக்குப் போய்விட்டீர்கள். கதவு திறந்ததும் திரும்பி வந்து, துண்டுப்பிரசுரத்தை என் மடியில் வைத்துவிட்டு ஒருவர் கேட்டார்: "அக்கா, வீட்டில வேற ஆரும் இல்லையோ?" நான் மட்டும்தான் என்றேன். "தனியவோ!" என்றார். அந்த ஒரு சொல்லில் இரக்கம் இருந்தது. 'உங்கட ஆக்கள் எங்கை போட்டினம்' என்ற மெல்லிய குற்றச்சாட்டும் இருந்தது. மூன்று நிமிடம் கதைத்தோம். குப்பை எடுப்பது பற்றி, கார் நிறுத்துவது பற்றி, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் எடுப்பது பற்றி. நான் கேட்க நினைத்ததை அன்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உங்கள் அதிகாரிகள் நன்றி சொல்லி ஒரு பதில் அனுப்பியிருப்பார்கள். அப்படிப்பட்ட பதில்கள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய உண்டு. தமிழில் எழுதினால் நீங்களே வாசித்தாக வேண்டும். வேறு நோக்கம் இல்லை.

2026 மே மாதம் நீங்கள் மறுபடி வாக்குக் கேட்டு வருவீர்கள். அதற்கு முன்பு, பெப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு பின்னேரம் சபையில் கூடி, வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்துவீர்கள். மார்ச் 11-க்குள் அதை முடித்தாக வேண்டும் என்பது சட்டம். நீங்கள் கை உயர்த்தும் அந்தத் தாள்களில் 'வெட்டு' என்ற சொல் எங்கேயும் இருக்காது. 'மறுமதிப்பீட்டின் மூலம் சேமிப்பு' என்று இருக்கும். 'தேவைக்கேற்பச் சேவையை ஒழுங்குபடுத்தல்' என்று இருக்கும். பக்கத்தில் ஒரு தொகை, ஆயிரம் பவுண் கணக்கில். அந்தத் தொகைக்குள் என்னுடைய நாளில் சில மணித்தியாலங்கள் இருக்கின்றன.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். 1997-இல் பெயர் சொன்னார்கள். அதற்கு முன்பே கால் சொல்லிவிட்டது. ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2003-இல் சக்கர நாற்காலி. அண்ணன் வீட்டில் இருந்தேன். முன்னறையில், வரவேற்பறைக்கும் குசினிக்கும் நடுவில், மருத்துவக் கட்டில். வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். அண்ணி நல்லவ. அவதான் என்னைக் குளிப்பாட்டினவ, கக்கூசுக்கு ஏற்றி இறக்கினவ, அதற்குப் பிறகு வேலைக்கும் போனவ. மூன்று வருடத்தில் அவவுடைய முதுகு போய்விட்டது. அதைப்பற்றி எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது.

2006-இல் எனக்கு இன்டிபென்டன்ற் லிவிங் பண்ட் என்ற நிதியிலிருந்து உதவி கிடைத்தது. கவுன்சில் தருவதும் அதுவும் சேர்ந்து கிழமைக்கு 60 மணித்தியாலம். கீழ்மாடியில் ஒரு சிறிய பிளற் எடுத்தேன். எனக்கு உதவ வரும் ஆளை நானே தேடி, நானே வேலைக்கு வைத்து, நானே சம்பளச்சீட்டு எழுதினேன். நாற்பது வயதுக்குக் கிட்ட, வாழ்க்கையில் முதல்முறையாக, எத்தனை மணிக்கு எழும்புவது என்று ஒருவரையும் கேளாமல் தீர்மானித்தேன். தனியாக வாழ்வது என்றால் உங்களுக்கு ஒரு படம் மனதில் வரும்: எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துகொள்ளும் ஒரு மனிதர். எனக்கு அது வாய்க்காது. இன்றைக்குப் புட்டா பாணா, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நீலச் சேலையா பச்சையா, பத்து மணிச் செய்தி பார்த்துவிட்டுப் படுப்பதா, இதெல்லாம் என் வாயால் தீர்மானித்து வேறொருவர் கையால் நடப்பதுதான் எனக்குத் தனியாக வாழ்வது.

இந்த ஏற்பாடு யாரோ பெரிய மனது பண்ணித் தந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இதற்கும் ஒரு மடல்தான் தொடக்கம். 1972 செப்ரெம்பர் 20-ஆம் திகதி கார்டியன் பத்திரிகையில் போல் ஹண்ட் என்பவர் ஒரு கடிதம் எழுதினார். ஹம்ப்ஷயரில் லே கோர்ட் என்ற விடுதியில் பல வருடம் இருந்தவர். கடுமையான உடற்குறைபாடு உள்ளவர்கள் ஒதுக்குப்புறமான விடுதிகளில் அடைபட்டுக் கிடக்கிறார்கள், நாங்களே ஒன்றுசேர்ந்து எங்களுக்காகப் பேசுவோம் என்பது அதன் சாரம். அதிலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. பிறகு அதே லே கோர்ட்டில் இருந்த சிலர் தங்கள் உள்ளூராட்சி சபைகளிடம் போய், எங்களை இங்கே வைத்திருக்க நீங்கள் கட்டும் காசை எங்கள் கையில் தாருங்கள், நாங்கள் வீடு எடுத்து ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று பேரம் பேசினார்கள். கிடைத்தது. அந்தக் காசை நேரடியாகக் கையில் தருவதற்கு 1996-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நீங்கள் 'டிரெக்ற் பேமென்ற்' என்று சொல்வது அதைத்தான்.

இன்டிபென்டன்ற் லிவிங் பண்ட் 1988-இல் தொடங்கியது. தாட்சர் காலத்தில். இதை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் சிலர் இந்த விஷயத்தைக் கட்சிக் கண்ணாடி போட்டுத்தான் பார்ப்பீர்கள். தாட்சர் அரசு திறந்ததைக் கமரன் அரசு மூடியது. 2010-இல் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். 2013 நவம்பரில் ஐந்து பேர் போட்ட வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூடும் முடிவைச் செல்லாது என்றது. சமத்துவச் சட்டம் கேட்கிறபடி, இந்த முடிவு அந்த மனிதர்களை என்ன செய்யும் என்று அமைச்சர் ஊன்றிப் பார்த்ததற்குச் சான்று இல்லை என்பதே காரணம். நாங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். நாலு மாதத்தில், தாள்களைச் சரியாக அடுக்கி, அதே முடிவை மறுபடி எடுத்தார்கள். 2015 ஜூன் 30-ஆம் திகதி நிதி மூடப்பட்டது. அப்போது அதில் ஏறத்தாழ 18,000 பேர் இருந்தோம்.

மூடுவதற்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 24-ஆம் திகதி, சக்கர நாற்காலிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் போய், பிரதமர் கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்த சபையின் கதவு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ரீவியில் பார்த்தேன். போயிருக்கலாம். அன்று கூட்டிப்போக எனக்கு ஆளும் இருந்தது, மணித்தியாலமும் இருந்தது. எங்கள் ஆட்களுக்கே உரிய பயம்: இருக்கிறதையும் பறித்துவிடுவார்களோ என்று. போகாமல் இருந்தும் பறித்தார்கள்.

நிதியின் காசு கவுன்சில்களுக்கு மாற்றப்பட்டது. ஆனால் அதை எங்களுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டு எதுவும் போடப்படவில்லை. ஸ்கொட்லாந்து தன் ஆட்களுக்கு உடனேயே தனி நிதி ஒன்றை உண்டாக்கியது. வட அயர்லாந்து ஆட்களையும் அதுவே பார்க்கிறது. 2024-இல் ஸ்கொட்லாந்தில் புதியவர்களுக்கும் திறந்தார்கள். எல்லைக்கு இந்தப்பக்கம் எங்களுக்கு வந்தது 'மறுமதிப்பீடு'.

என்னுடைய கணக்கைச் சொல்கிறேன். 2016-இல் 60 என்பது 44 ஆனது. 2019-இல் 36. 2023-இல் 28. இந்தக் காலத்தில் என் நோய் மட்டும் ஒரு அடியும் பின்னால் போகவில்லை. 2016-இல் கரண்டி பிடித்த வலது கை இப்போது பிடிப்பதில்லை. உடம்பு கூடுதலாகக் கேட்கக் கேட்க, தாள் குறைவாகத் தந்தது.

28 மணித்தியாலம் என்றால் நாளுக்கு நாலு. காலையில் இரண்டு: எழுப்பி, ஹொயிஸ்றில் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு தீத்தி. மத்தியானம் முக்கால். பின்னேரம் ஆறிலிருந்து ஏழேகால். இந்தக் கடைசி ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் சாப்பாடு, மருந்து, கழுவல், படுக்கை எல்லாம் முடிய வேண்டும். ஆகவே ஏழேகாலுக்கு நான் கட்டிலில். மார்கழியில் அது பெரிதாகத் தெரியாது, வெளியே எப்போதோ இருண்டுவிட்டிருக்கும். ஜூனில் வந்து பாருங்கள். ஒன்பதரை வரை வெளிச்சம். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பெடியன்கள் பந்தடிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயது மனுசி, சுகமில்லாத குழந்தையைப்போல், வெயிலில் திரை இழுத்துவிட்டுப் படுத்திருப்பேன். அடுத்த ஆள் காலை ஏழரைக்கு. பன்னிரண்டேகால் மணித்தியாலம்.

பன்னிரண்டேகால் மணித்தியாலம் ஒருவரும் வரமாட்டார்கள் என்றால் உடம்பை அதற்கேற்பப் பழக்க வேண்டும். நான் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒன்றும் குடிப்பதில்லை. தண்ணீர், தேத்தண்ணி, ரசம், ஒன்றும் இல்லை. மருந்துக்கு ஒரு மிடறு. இதை எனக்கு எந்த வைத்தியரும் சொல்லித்தரவில்லை. 28 மணித்தியாலம் சொல்லித்தந்தது. இரண்டு வருடத்தில் மூன்று தடவை சிறுநீர்த் தொற்று, அதில் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்கான செலவு வேறு இலாகாவின் கணக்கில் விழுந்தது. உங்கள் தாளில் அது சேமிப்பாகவே இருக்கும்.

2023 மதிப்பீட்டுக்கு ஒரு சோசல் வேர்க்கர் பிள்ளை வந்தா. என் மேசையில் மடிகணினியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டா. கனிவானவ. இரவில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டா, என்னைப் பார்க்கவில்லை. அடக்குவேன் என்றேன். கொஞ்ச நேரம் தட்டாமல் இருந்தா. பிறகு, பெரியாட்களுக்கான நாப்பி தரலாம், அது உங்களுக்கு இன்னும் 'சுதந்திரம்' தரும் என்றா. எனக்கு அடக்கம் இருக்கிறது பிள்ளை, கக்கூசுக்குக் கொண்டுபோக ஆள்தான் இல்லை என்றேன். அவவுடைய படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.

இந்த நாப்பிக் கதை என்னோடு தொடங்கியதல்ல. எலைன் மக்டொனல்ட் ஸ்கொட்டிஷ் பலேயின் முதன்மை நடனக்காரியாக இருந்தவர். 1999-இல் பக்கவாதம் வந்தது. இரவில் இரண்டு மூன்று தடவை எழும்பிப் போக வேண்டியிருந்ததால் ஒரு பராமரிப்பாளர் இரவில் தங்கினார். கென்சிங்ரன் அன்ட் செல்சி நகரசபை அந்த இரவு ஆளை நிறுத்திவிட்டு நாப்பி தருவதாகச் சொன்னது. அவருக்கு அடக்க முடியாத நோய் எதுவும் இல்லை. மிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 பவுண். 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் நகரசபையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்த அந்த ஒருவர் ஹேல் சீமாட்டி. சிறுநீருக்கு இது சரியென்றால், அதே நியாயத்தில் ஒருவரை மலத்தோடும் விடியும்வரை கிடத்திவைக்கலாமே என்று அவர் கேட்டார். அமர்விலிருந்த ஒரே பெண் நீதிபதியும் அவர்தான். ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2014-இல் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எலைனுடைய உரிமை மீறப்பட்டது என்று சொல்லி 1,000 யூரோ கொடுக்கச் சொன்னது. வாழ்நாள் முழுக்கத் தன் உடம்பை அரங்கத்தில் ஆண்ட ஒரு பெண்ணுக்கு.

இனி, உங்களில் ஒருவர் 'தனியவோ' என்று கேட்டாரே, அந்த இடத்துக்கு வருகிறேன். வெள்ளைக்கார அதிகாரிகளிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஆசியக் குடும்பங்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். பாராட்டுப்போலத்தான் சொல்வார்கள். என் மதிப்பீட்டிலும் 'குடும்ப ஆதரவு உண்டு' என்று ஒரு வரி இருந்தது. அண்ணன் குடும்பம் நாலு மைல் தள்ளி இருப்பதற்கு அதுதான் அர்த்தம். அந்த ஒரு வரி கிழமைக்கு நாலு மணித்தியாலத்தை விழுங்கியது. வருத்தமான விஷயம், எங்கள் ஆட்களும் அதையே நம்புகிறார்கள். கலியாண வீட்டில் என்னைக் கண்டால் கவுன்சில் காசு வருகுதா என்று முதலில் கேட்பார்கள், பிறகு ஏன் அண்ணனோடு இருக்கக்கூடாது என்று கேட்பார்கள். அண்ணனோடு என்றால் அண்ணியோடு என்று பொருள். அண்ணன் என்னைக் கக்கூசுக்குத் தூக்கப்போவதில்லை.

கவுன்சில் தாளில் அழித்த மணித்தியாலம் இல்லாமல் போய்விடாது. யாராவது ஒருவர் உடம்பு அதைச் சுமக்கும். பாதியை என் சிறுநீர்ப்பை சுமக்கிறது. மீதியை அறுபத்தொரு வயதில், முதுகுக்குப் பட்டி கட்டிக்கொண்டு, சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வரும் அண்ணி சுமக்கிறா. அவவுக்கு ஒரு பவுண் சம்பளம் இல்லை, ஆகவே உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் அவ இல்லை.

சம்பளம் வாங்கிச் சுமக்கிறவளையும் சொல்ல வேண்டும். நான் நேரடியாக வேலைக்கு வைத்திருந்த பெண் 2024-இல் சுப்பர்மார்க்கெற் வேலைக்குப் போய்விட்டா. அவ மேல் பிழை இல்லை. குறைந்தபட்சக் கூலி 2024 ஏப்ரலில் 11.44 பவுண், 2025 ஏப்ரலில் 12.21. கவுன்சில் எனக்குத் தரும் மணித்தியால வீதம் அதன் பின்னால் நொண்டி நொண்டி வந்தது. விடுமுறைச் சம்பளம், காப்புறுதி எல்லாம் கழித்தால் கடைக்காரர் கொடுக்கும் கூலியை நான் கொடுக்க ஏலாது. வீதத்தைக் கூட்டாமல் விடுவதும் வெட்டுத்தான். சபையில் அதற்கு வாக்கெடுப்புக்கூடத் தேவையில்லை.

இப்போது ஒரு ஏஜென்சி ஆள் அனுப்புகிறது. வருகிறவள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. தாதிப் படிப்பு முடித்தவள். 2022-இல் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்கு விசாக் கதவு திறந்ததே, அதன் வழியாக அடுத்த வருடம் வந்தவள். "அக்கா, டைம் ஆயிடுச்சு, சீக்கிரம்" என்பாள். கெதியா என்று சொல்லு, அப்பத்தான் எனக்கு விளங்கும் என்பேன். முதல் மாதம் எங்கள் இருவருக்கும் ஆங்கிலம்தான் பொதுமொழி, சொன்னால் சிரிப்பீர்கள். இப்போது அவள் குழலில் புட்டு அவிப்பாள், தேங்காய்ப்பூக் குறைவாகப் போட்டால் நான் ஏசுவேன். அவளுக்கு என் வீட்டில் இருக்கும் நிமிடங்களுக்குத்தான் காசு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில் போகும் நேரத்துக்கு இல்லை. காலை ஆறுக்கு வெளிக்கிட்டு இரவு ஒன்பதுக்கு அறைக்குப் போகிறவளுக்கு எட்டு மணித்தியாலச் சம்பளம். விசா ஏஜென்சியின் கையில், ஆகவே வாய் திறக்க மாட்டாள். 2025 ஜூலை 22-ஆம் திகதி முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழியையும் அரசு அடைத்துவிட்டது. இவளும் போனால் அடுத்தவர் யார் என்று ஏஜென்சிக்கே தெரியாது.

அடுத்தது கட்டணம். உங்களில் பலருக்கு இது தெரியாது என்றே நினைக்கிறேன்: என்னைக் குளிப்பாட்டுவதற்கு நான் கவுன்சிலுக்குக் காசு கட்டுகிறேன். மத்திய அரசு எனக்குப் பிப் என்ற உதவித்தொகை தருகிறது. அதில் அன்றாட வாழ்வுக்கான பங்கு 2025-26-இல் கிழமைக்கு 110.40 பவுண். மாற்றுத்திறனாளியாக வாழ்வதால் வரும் மேலதிகச் செலவுக்கென்று தருவது. கவுன்சில் அதை வருமானம் என்று எண்ணி, பராமரிப்புக் கட்டணமாகத் திருப்பி எடுக்கிறது. ஒரு கை தருகிறது, மறு கை வழியில் மறித்து வாங்குகிறது. குறைந்தபட்சம் இவ்வளவை விட்டுவைக்க வேண்டும் என்று ஒரு தொகையை அரசு நிர்ணயித்திருக்கிறது. 2015 தொடக்கம் 2022 வரை அந்தத் தொகை ஒரு பென்ஸ்கூட ஏறவில்லை. அந்த ஏழு வருடத்தில் அரிசி ஏறியது, கரண்ட் ஏறியது. என் கட்டில், ஹொயிஸ்ற், நாற்காலி மூன்றும் கரண்டில்தான் ஓடுகின்றன. உடற்குறைபாட்டால் வரும் செலவுகளைக் காட்டினால் கழிப்பார்கள். ஒரு பிஸ்கற் தகரம் நிறையப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறேன். போன தடவை, ஏன் இவ்வளவு தடவை உடுப்புத் தோய்க்கிறீர்கள் என்று ஒருவர் ரெலிபோனில் கேட்டார். நாப்பி வேண்டாம் என்றதால் வந்த தோய்ச்சல் அது என்று சொல்லவில்லை. சொன்னால் மறுபடி நாப்பியில் வந்து நிற்கும்.

இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஹமர்ஸ்மித் அன்ட் புல்ஹம் நகரசபை 2015-இலேயே வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தை ஒழித்தது. அதுவும் லண்டன்தான், அங்கேயும் அதே மத்திய அரசுதான் காசை வெட்டியது. ஸ்கொட்லாந்தில் 2019-இலிருந்து 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் உடல் பராமரிப்பு இலவசம். நோர்போக் கவுண்டி கவுன்சிலின் கட்டண முறை கடுமையான குறைபாடு உள்ள ஒரு இளம்பெண்ணுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேலை செய்ய முடிந்தவரின் சம்பளத்தைத் தொடாமல், வேலையே செய்ய முடியாதவரின் உதவித்தொகையைத் தொடும் முறை அது. உங்கள் நகரசபையின் கட்டண முறை எப்படி என்று எடுத்துப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2010-இலிருந்து மத்திய அரசு உங்களுக்குத் தரும் காசு சுருங்கியது. முதியோர் கூடினார்கள், பிள்ளைகள் பராமரிப்புச் செலவு கூடியது, வீடில்லாதவர்களுக்கு ஹோட்டல் வாடகை கட்டுகிறீர்கள். கடன் வாங்கி அன்றாடச் செலவு செய்ய உங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்காது. 2020-இல் குறோய்டனும் 2023-இல் பேர்மிங்காமும் கையை விரித்ததைப் பார்த்தோம். அந்த நிலை வந்தால் எங்களுக்கு இன்னும் மோசம் என்று அதிகாரிகள் உங்களுக்குச் சொல்வார்கள், அது பொய்யுமில்லை. ஆனால் கவனித்திருக்கிறேன்: நூலகம் மூடுகிறோம் என்றால் ஐந்நூறு பேர் பதாகையோடு வருவார்கள், அடுத்த மாதம் முடிவு மாறும். எங்களில் ஒருவர் கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் முதலில் வண்டி பதிய வேண்டும், ஆள் பதிய வேண்டும், கூட்டம் ஏழு மணிக்கு. ஏழேகாலுக்கு நான் எங்கே இருப்பேன் என்று மேலே சொல்லிவிட்டேன். வெட்ட இலகுவான இடத்தில்தான் கத்தி வைக்கப்படுகிறது. அங்கே சத்தம் வராது.

சத்தம் வந்தால் என்ன ஆகும் என்பதை 2025-இல் பார்த்தோம். மார்ச்சில் இப்போதைய அரசு பிப் தகுதியை இறுக்குவது உள்ளிட்ட மாற்றங்களால் 2030-க்குள் ஆண்டுக்குச் சுமார் 5 பில்லியன் பவுண் மிச்சம் பிடிக்கப்போவதாக அறிவித்தது. ஜூலை 1-ஆம் திகதி வாக்கெடுப்பு. சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்க்க, வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு பிப் வெட்டைக் கைவிட்டார்கள். பிறகும் அந்தக் கட்சியில் 49 பேர் எதிர்த்தே வாக்களித்தார்கள். யூனிவேர்சல் கிரெடிற்றில் சுகவீனப் பங்கு மட்டும் 2026 ஏப்ரலிலிருந்து புதியவர்களுக்கு ஏறத்தாழப் பாதியாகிறது. எனக்கு அந்த ஜூலை மாலையில் தெரிந்தது இதுதான்: கொறடாவின் சொல்லை மீறிக் கை உயர்த்தாமல் இருக்க மனிதர்களால் முடிகிறது. நாடாளுமன்றத்தில் முடிந்தது நகரசபையில் முடியாதா?

இந்த நாடு ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2009-இல் ஏற்றது. அதன் 19-ஆம் உறுப்பு, எங்கே யாரோடு வாழ்வது என்று தெரிவுசெய்யும் உரிமையைச் சொல்கிறது. 2016-இல் ஐ.நா. குழு, இங்கே அந்த உரிமைகள் பாரதூரமாகவோ முறைமைரீதியாகவோ மீறப்பட்டிருக்கின்றன என்று அறிக்கை வைத்தது. அரசு ஏற்கவில்லை. ஜெனீவா அறிக்கைகளுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேறொரு விஷயத்தில் அந்த அறிக்கைகளுக்காகப் பனியில் நின்று பதாகை பிடித்தவர்கள்தானே நீங்களும் நானும்.

நான் உங்களிடம் கேட்பது அதிகமில்லை. வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தும் அந்தப் பின்னேரத்துக்கு முன்பு, சமத்துவப் பாதிப்பு மதிப்பீடு என்று ஒரு இணைப்பு உங்களுக்குத் தருவார்கள். கடைசிப் பக்கங்களில் இருக்கும். 'மிதமான பாதிப்பு, தணிக்கப்படும்' என்று எழுதியிருந்தால், எப்படித் தணிப்பீர்கள் என்று எழுந்து கேளுங்கள். ஒரு அமைச்சர் அப்படிக் கேளாமல் போனதால்தான் அவருடைய முடிவு 2013-இல் நீதிமன்றத்தில் விழுந்தது. போன வருடம் மறுமதிப்பீடு செய்த எத்தனை பேருக்கு மணித்தியாலம் கூடியது, எத்தனை பேருக்குக் குறைந்தது என்று கேளுங்கள். எண் இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். 'குடும்ப ஆதரவு' என்று எழுதி எத்தனை மணித்தியாலம் கழித்தார்கள், அந்தக் குடும்பத்தில் யாரை நேரில் கேட்டு எழுதினார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை மற்ற உறுப்பினர்களைவிட நீங்கள் நன்றாகக் கேட்க முடியும். உங்கள் வீட்டிலும் ஒரு அண்ணி இருப்பா.

மேயில் வரும்போது சனிக்கிழமை காலை வேண்டாம். ஒரு கிழமைநாளில் ஏழேகாலுக்குப் பிறகு வாருங்கள். மணியை அடிக்க வேண்டாம், என்னால் எழும்பி வர ஏலாது. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் திறப்புப் பெட்டி இருக்கிறது, இலக்கத்தை ரெலிபோனில் சொல்கிறேன். நேரே உள்ளே வந்தால் இடதுபக்க அறை. குசினியில் இருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து போட்டு இருங்கள். தேத்தண்ணி நீங்களே போட்டுக் குடிக்க வேண்டும், தேயிலை மேல்தட்டில், சீனி அதன் பக்கத்தில். எனக்குப் போட வேண்டாம். மணி நாலு தாண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்து வாக்காளர் ஒருத்தி